மோதிய பிறகு அடித்த மணி

சர்வேயரம்மாவின் அறைக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். அன்று காலை வந்தவள் தட்டவில்லை. உள்ளே வந்து, நாற்காலி காலியாக இருக்க, சுவரோரம் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர, குடிக்கவில்லை.

“என் வீட்டுக்காரரை நேத்து அடக்கம் பண்ணியாச்சு,” என்றாள். “என் தம்பி ஸ்டேஷன்ல இருக்கான். இவரைக் கொன்னது அவன்தான்னு ஊரே சொல்லுது. அவனும் ஆமாங்குறான். இன்னிக்குச் சாயங்காலம் விசாரணை. கையெழுத்துப் போட்டான்னா ஜெயில்தான்.”

கொலை! போட்டோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

சர்வேயரம்மா துப்பறிவாளர் என்று எங்கும் பலகை மாட்டிக்கொண்டவர் அல்ல. அடிபட்ட கப்பல்களையும் படகுகளையும் பார்த்து, எப்படி அடிபட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதுதான் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விஷயம் தெரிந்தவர்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். உடைசலைப் படம் எடுக்க அந்தக் காலத்தில் கூட வந்த போட்டோக்காரர், சம்பளம் நின்ற பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டார். பாதித் துப்பறிவாளர் தாம்தான் என்பது அவருடைய எண்ணம். சர்வேயரம்மா அதை ஆமோதித்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை.

“உங்களுக்கு என்ன தெரியணும்?” என்று கேட்டார் சர்வேயரம்மா.

“ஒண்ணே ஒண்ணு. என் தம்பி தூங்கித்தான் இவரைக் கொன்னானா? ஆமான்னா, அவன் என் வாசப்படியை மிதிக்கக் கூடாது. இல்லைன்னா...” கையிலிருந்த தண்ணீரைத் தரையில் வைத்தாள். “இல்லைன்னா எனக்கு மிச்சம் இருக்கிறவன் அவன் ஒருத்தன்தாம்மா.”

கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. அவள் வீட்டுக்காரர் மீன்பிடி படகில் என்ஜின்காரர். அதே படகில் தம்பி சுக்கான் பிடிப்பவன், சுக்கானி. ஆள் கொஞ்சம் குள்ளம் என்பதால் படகில் அவனுக்குக் ‘குட்டை’ என்று பெயர். வலைக்காரர்கள் இரண்டு பேர், ஒரு சமையல்காரர், அவ்வளவுதான் ஆட்கள். அந்தத் தடவை மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. வலையை இழுப்பது, கொட்டுவது, பிரிப்பது, ஐஸ் போடுவது, மறுபடி வலையை விடுவது. நாலைந்து நாளாக ஒருத்தரும் ஒழுங்காகக் கண்ணை மூடவில்லை. திரும்பி வரும்போது, விடிகிற நேரத்தில், துறைமுக வாசலில் இருக்கிற பாறைத் தடுப்பில் படகு நேராகப் போய் முட்டியது. வலைக்காரர்கள் இரண்டு பேரும் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். என்ஜின்காரர் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டு, பாறையில் தலை மோதிப் போய்விட்டார்.

“சுக்கானைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டேன்னு சொல்றான். கேட்டதையே கேட்டாலும் அதையேதான் சொல்றான்,” என்றாள்.

“படகுல அலாரம் கிடையாதா?”

“இருக்கும்மா. மாமியார்னு பேர் வெச்சிருந்தாங்க.” அவ்வளவு துக்கத்திலும் அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. “சுக்கான் அறையில உச்சியில ஒரு கண்ணு மாதிரி இருக்கும். அது முன்னால ஆள் அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். கொஞ்ச நேரம் அசையாம இருந்தா அங்கேயும் மணி அடிக்கும், கீழே படுத்திருக்கிற இடத்துலயும் அடிக்கும். செத்தவனும் எழுந்து உக்காருவான்னு இவர் சொல்லிச் சிரிப்பார்.”

சொன்ன வார்த்தை என்னவென்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தூங்கினா அது அடிச்சிருக்கணுமே,” என்றார் போட்டோக்காரர்.

“அதைத்தான் நானும் கேட்டேன். ஏன்டா அடிக்கலைன்னேன். தெரியாதுங்கிறான், இடது காதைத் தடவிக்கிட்டே. பொய் சொன்னா அவன் காதைத் தடவுவான். சின்னதுலேருந்து அப்படித்தான்.” எழுந்து நின்றாள். “கிளம்பற அன்னிக்கு வாசல்ல நின்னு ரெண்டு பேருக்கும் கை காட்டினேன். இவர் எப்பவும் போல நிலைப்படியில நெத்தியை இடிச்சுக்கிட்டார். குனிஞ்சு வாங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன், அந்த உயரத்துக்கு நம்ம வீடு போதாதுன்னு சிரிச்சுக்கிட்டே போனார். அவ்வளவுதாம்மா.”

படகு பழுது பார்க்கும் துறையில் கிடந்தது. சிவப்பு வண்ணம் அடித்த பழைய மரப்படகு, மூக்கு நசுங்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே முதலாளியின் புதுப் படகு, நீல வண்ணத்தின் வாசனை கூடப் போகாமல், மறுநாள் கடலில் இறங்கத் தயாராக நின்றது. முதலாளி வெள்ளைச் சட்டையும் சிவந்த கண்ணுமாக வந்து கும்பிட்டார்.

“என்ன கேக்கணுமோ கேளுங்கம்மா. எனக்கு மறைக்க ஒண்ணுமில்லை. என் படகு போச்சு, என் என்ஜின்காரன் போயிட்டான். அந்தக் குட்டை குடிச்சிருப்பான், வேற என்ன? அலாரம் நானே போட்டுக் கொடுத்தது. இப்பவும் வேலை செய்யுது.”

“ஆளுங்க தூங்கி நாலஞ்சு நாள் ஆச்சாமே?”

“தூக்கம் வந்தா நங்கூரத்தைப் போட்டுட்டுத் தூங்க வேண்டியதுதானே? நான் வேண்டாம்னா சொன்னேன்? நான் என்ன ராட்சசனா?”

நியாயமாகத்தான் பேசுகிறார் என்று போட்டோக்காரருக்குத் தோன்றியது. குடிதான். குடித்தவன் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். அரை மணியில் முடிந்துவிட்டதே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது.

ஏணியில் ஏறி முதலில் படகின் மூக்குப் பக்கம் போனார்கள். நசுங்கிய பலகைகளுக்கு நடுவே நங்கூரம் தன் கொக்கியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் வளையத்தின் உட்புறம் முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சர்வேயரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோக்காரர் அங்கிருந்தே புதுப் படகையும் ஒரு படம் எடுத்தார், அழகாக இருக்கிறதே என்று. எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“எல்லாம் புதுசு, இந்தக் கயித்தைத் தவிர. அழுக்குக் கயிறு ஒரு சுருள், அதுவும் முன்னாடியே போட்டு வெச்சிருக்காங்க. படமே கெட்டுப் போச்சு.”

“அழிச்சுடாதீங்க,” என்றார் சர்வேயரம்மா.

சுக்கான் அறை இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். போட்டோக்காரர் நுழைந்ததும் நுழையாததுமாகக் கால் இடறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். சுக்கானுக்கு நேர் கீழே, தரையில் நாலு மரச்சட்டங்களைச் சதுரமாக அடித்து வைத்திருந்தார்கள். ஏதோ ஒன்றை நகராமல் பிடித்து வைப்பதற்கான அடைப்பு. நடுவில் ஒன்றும் இல்லை. பின்பக்க இருக்கைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி, ஒழுங்காகக் கயிறு கட்டித் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல்பலகையில் இரண்டு பாதம் பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்துபோயிருந்தது.

முகப்புக் கண்ணாடிக்கு மேலே அலாரத்தின் கண். அதற்குச் சற்று முன்னால், உத்தரத்துக் கொக்கியில், நீலத்துணி உறை போட்ட தூக்குவாளி ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. போட்டோக்காரர் அதைக் கழற்றிக் குலுக்கினார். உள்ளே தளும்பியது.

“மாட்டினான்!” என்றார். “சரக்கு இதுலதான் இருக்கு.” சர்வேயரம்மா கையை நீட்டுவதற்குள் மூடியைத் திறந்து ஒரு வாய் ருசி பார்த்தும்விட்டார். அடுத்த கணம் ஜன்னல் வழியாகத் துப்பினார், துப்பினார், துப்பிக்கொண்டே இருந்தார்.

“என்ன சரக்கு?” என்றார் சர்வேயரம்மா சாவகாசமாக.

“உப்புத் தண்ணி! கடல் தண்ணிம்மா! அதுலயும் டீசல் நாத்தம், வயித்தைப் பிரட்டுது.”

“சாட்சியை முழுங்கின துப்பறிவாளரை இப்பத்தான் பார்க்கறேன். போட்டோ எடுத்துட்டு மூடி வைங்க.”

கீழே, படகின் நிழலில் சமையல்காரர் கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார், ஆனால் கண்ணை மண்ணிலிருந்து எடுக்கவில்லை.

“நாங்க எல்லாரும் கீழே தூங்கிட்டிருந்தோம். அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். டமார்னு சத்தம், தண்ணி உள்ளே வந்துச்சு. கீழே கும்மிருட்டு. எப்படியோ மேல வந்து பாறையைப் பிடிச்சுக்கிட்டோம்.”

“மணி அடிச்சுதா?”

“மோதறதுக்கு முன்னாடி இல்லைம்மா. மோதி, படகு பாறையில சிக்கி நின்ன பிறகு, கொஞ்ச நேரம் கழிச்சு அடிக்க ஆரம்பிச்சுது. நாங்க கத்திக்கிட்டிருக்கோம், அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டிருந்தது.”

“பார்த்தீங்களா, அலாரம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் பின்னாலேயே வந்த முதலாளி.

“இருக்கு,” என்று ஒத்துக்கொண்டார் சர்வேயரம்மா. “அதுதான் எனக்குப் புரியலை. ஆள் தூங்கினப்போ அடிக்காத மணி, படகு நின்னப்புறம் எதுக்கு அடிச்சுது?”

அவன் குடித்திருப்பான் என்பதற்கும் இந்த மணிக்கும் ஒட்டவே இல்லை என்று போட்டோக்காரருக்கே பட்டது.

துறைமுக ஸ்டேஷனில் சுக்கானியைப் பார்த்ததும் போட்டோக்காரர் தூக்கிய கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். சர்வேயரம்மாவின் தோள் உயரம்தான் இருந்தான். கண்கள் குழிக்குள் போய், உதடு வெடித்து, பெஞ்சு இருந்தும் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வந்ததுலேருந்து இப்படித்தான் நிக்கறான்,” என்றார் காவலர். “படுடான்னா படுக்க மாட்டேங்கிறான். கண்ணு சொருகினா தன்னைத்தானே அறைஞ்சுக்கிறான். பார்க்க முடியலைங்க.”

“தம்பி, சுக்கானைப் பிடிச்சிருந்தது நீதானா?”

“நான்தான். நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். எல்லாம் என் தப்பு. பேப்பரைக் கொடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்.” அவன் கை தானாக இடது காதுக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் சர்வேயரம்மா, வாசலில் இருந்த பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் குறட்டை வந்தது. போட்டோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் ஜெயிலுக்குப் போகப் போகிறான், ஒருத்தி கதறிக்கொண்டிருக்கிறாள், இந்த அம்மாவுக்கு மத்தியானத் தூக்கம் கேட்கிறது! எழுப்பியே விட்டார்.

“முறைக்காதீங்க,” என்றார் சர்வேயரம்மா கண்ணைத் திறந்து. “தூங்காதவன் எடுக்கிற முடிவை நம்பக் கூடாது. அவன் போடற கையெழுத்தையும் நம்பக் கூடாது. அந்த அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க. அந்தத் தூக்குவாளிப் படத்தையும் காட்டுங்க.”

படத்தைப் பார்த்ததும் அவள் கேமராவையே பிடித்துக்கொண்டாள். “இது அவரோட வாளி. சோறு சூடா இருக்கட்டும்னு உறை நான்தான் தைச்சேன். என் பழைய பாவாடைத் துணி.”

சர்வேயரம்மா அவளைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். போட்டோக்காரருக்குக் கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. அவள் முதலில் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கடைசியில் திரும்பி, ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“சொல்லிடுங்க” என்று அவள் சொன்னதாகப் போட்டோக்காரருக்குப் பட்டது.

சாயங்காலம் விசாரணை ஸ்டேஷனில் நடக்கவில்லை. சர்வேயரம்மா கேட்டுக்கொண்டபடி, துறைமுக அதிகாரி படகு கிடக்கும் இடத்துக்கே வந்தார். தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். முதலாளிக்கு ஒரு நாற்காலி. சமையல்காரர் ஒரு பக்கம். காவலர் பிடித்துக்கொண்டு வந்த சுக்கானி, அக்காவைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

எலக்ட்ரீஷியன் அலாரத்துக்கு பேட்டரி இணைப்புக் கொடுத்தார். தூக்குவாளியில் வெந்நீர் ஊற்றிப் பழைய கொக்கியிலேயே தொங்கவிட்டார்கள். சுக்கான் அறையில் ஒருவரும் இல்லை. போட்டோக்காரர் வெளியே நின்று, ஜன்னல் வழியாக ஒரு நூலைப் பிடித்து வாளியை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை. கை வலித்தது. அப்போதும் அடிக்கவில்லை.

“இப்போ நூலை விட்டுடுங்க,” என்றார் சர்வேயரம்மா.

வாளி ஆடி ஓய்ந்தது. கொஞ்ச நேரம் சென்றதும் மணி அலறியது பாருங்கள், தச்சர்கள் கூடக் காதைப் பொத்திக்கொண்டார்கள். சுக்கானி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

எலக்ட்ரீஷியன் சுக்கான் அறைக்குள் போய், கண்ணுக்கு முன்னால் அசைந்தபடி நின்றுகொண்டு மணியை அடக்கிய பிறகு சர்வேயரம்மா பேசினார். குரல் உயரவே இல்லை.

“இந்தக் கண்ணுக்கு ஆள் தெரியாது. சூடா இருக்கிற ஒண்ணு அசையுதான்னு மட்டும்தான் தெரியும். வெந்நீர் வாளி ஆடினா, அதுக்கு அதுவும் ஆள்தான். படகு ஓடற வரைக்கும் வாளி ஆடிக்கிட்டே இருந்தது, மணி அடிக்கலை. பாறையில சிக்கினதும் வாளி நின்னுது, அடிச்சுது. மாமியாரை யாரோ ஏமாத்தியிருக்காங்க.”

“இவன்தான்!” என்றார் முதலாளி.

“வாளியில இருந்தது கடல் தண்ணி. குடிக்க வெச்சதில்லை. அடுப்புல சுட வெச்சிருந்தா டீசல் நாத்தம் வராது. என்ஜினைக் குளிர வைக்க இழுக்கிற கடல் தண்ணி, வெளியே போறப்போ சூடாப் போகும். அதைப் பிடிச்சவர் என்ஜின்காரர். வாளியும் அவரோடது.”

கூட்டத்தில் சலசலப்பு. போட்டோக்காரருக்கு நாக்கில் மறுபடியும் அந்த டீசல் ருசி வந்தது.

“செத்தவர் மேல பழி போடாதீங்க!” சுக்கானி கத்தினான். “சுக்கான்ல நின்னது நான்!”

“எதுமேல நின்னே தம்பி?” என்றார் சர்வேயரம்மா. “நீ நின்னா உனக்குக் கண்ணாடிக்கு வெளியே தெரியாது. அதுக்குத்தான் ஒரு பெட்டி, அது நகராம இருக்கத் தரையில சட்டம் அடிச்ச அடைப்பு. மோதினப்போ அந்தப் பெட்டி அடைப்புல இல்லை. முன்னாடியே எடுத்து, கயிறு கட்டி, இருக்கைக்கு அடியில தள்ளியாச்சு. உன் இடத்துல உயரமான ஒருத்தர் வந்து நின்னிருக்கார். பெட்டி அவருக்கு இடைஞ்சல்.”

சுக்கானியின் கை காது வரை போயிற்று. பாதியிலேயே விழுந்துவிட்டது.

“சொல்லுடா,” என்றாள் அக்கா. அப்போதுதான் முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். “எனக்குத் தெரியும்டா. நீ சொல்லு.”

அவன் அழவில்லை. அழுவதற்குக் கூட அவனிடம் தெம்பில்லை. “அத்தான் மேல வந்தார்க்கா. மாப்ள, நீ நின்னுக்கிட்டே சாயறே, மணி அடிச்சு அடிச்சுக் கீழே இருக்கிறவனும் தூங்க முடியலை, போய்ப் படு, நான் பிடிக்கிறேன்னார். நீங்களும்தானே தூங்கலைன்னேன். என்ஜின் சத்தத்துலயே இருந்தவனுக்குத் தூக்கம் எங்கேடா வரும்னு சிரிச்சார். வாளியைக் கட்டிட்டு, மாமியார் வாயை அடைச்சாச்சு, நிம்மதியாப் படுன்னார். நான் போய்ப் படுத்துட்டேன்.”

அவர் நின்றபடியே தூங்கிப்போனார். அவரை எழுப்ப வேண்டிய மணியின் வாயை அவரே அடைத்திருந்தார்.

முதலாளி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “பாவம்தான். ஆனா இப்பத் தெளிவாயிடுச்சு இல்லையா? அலாரத்தைக் கெடுத்தது என்ஜின்காரன். இதுல நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை. நான் வரட்டுமா? காலையில புதுப் படகை இறக்கணும்.”

“உக்காருங்க,” என்றார் சர்வேயரம்மா. “காலையில நீங்க ஒண்ணு சொன்னீங்க. தூக்கம் வந்தா நங்கூரம் போட்டுட்டுத் தூங்கலாமேன்னு. அன்னிக்குக் காத்து கரையைப் பார்த்து அடிச்சுக்கிட்டிருந்தது. நங்கூரம் இல்லாம என்ஜினை நிறுத்தினா படகு தானாவே பாறைக்கு வந்துடும். போட்டுட்டு எல்லாரும் தூங்கியிருக்கலாம். ஏன் போடலை?”

“அதை அவங்களைக் கேளுங்க.”

“நங்கூரத்தைக் கேட்டேன். வளையத்துல உட்புறம் முழுக்க உப்புப் பூத்திருக்கு, கயிறு உரசின தடமே இல்லை. அந்த நங்கூரத்துல கயிறே இல்லை. போட்டோக்காரரே, அந்தக் கெட்டுப்போன படத்தை எடுங்க.”

போட்டோக்காரர் கேமராவை அதிகாரியிடம் நீட்டினார். பளபளக்கும் நீலப் படகு, அதன் மூக்கில் ஒரு சுருள் அழுக்குக் கயிறு. அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தாமே எழுந்து புதுப் படகில் ஏறிக் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். முறுக்குக்கு முறுக்கு சிவப்பு வண்ணம் ஒட்டியிருந்தது, பழைய படகின் அதே சிவப்பு.

“பழைய கயிறு, எங்கேயாவது...” என்று ஆரம்பித்தார் முதலாளி.

“போதும் முதலாளி!” சமையல்காரர் எழுந்துவிட்டார். “கிளம்பறப்போ கேட்டோம். புதுப் படகுக்கு அளவு பார்க்க எடுத்தேன், அடுத்த தடவை தரேன்னீங்க. ரேடியோவுல கெஞ்சினோம், கயிறும் இல்லை, கண்ணும் தெரியலை, வேற படகை அனுப்புங்கன்னு. மீன் கெட்டுடும், லாரி நிக்குது, நேரா வாங்கன்னீங்க. எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினது நாங்கதான், அது எங்க தப்பு. இந்தப் பையன் என் வாயைக் கட்டிப் போட்டுட்டான், அத்தான் பேர் கெடக் கூடாதுன்னு. அதான் நானும் பேசலை. இனிமே முடியாது.”

முதலாளி நாற்காலியைத் தேடினார். தச்சர்களில் யாரோ அதை நகர்த்தி வைத்திருந்தார்கள். அதிகாரி, சுக்கானி கையெழுத்துப் போட இருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதுப் படகு இறங்காது என்று சொன்னார். முதலாளியைத் தம்மோடு வரச் சொன்னார். சுக்கானியைப் பார்த்து, “நீ வீட்டுக்குப் போப்பா, மத்ததை நாளைக்குப் பேசலாம்,” என்றார்.

கூட்டம் கலைந்தது. அவனுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. மண்டியிட்ட இடத்திலேயே இருந்தான். அக்கா அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“நான்தானேடா அவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்,” என்றாள். “வாசல்ல நின்னு, தம்பியைப் பார்த்துக்குங்கன்னு. பார்த்துக்கிட்டாரு.”

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” அவன் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். “அந்தத் தூக்கம் நல்லா இருந்துச்சுக்கா. படுத்ததும் அப்படியே போயிட்டேன். கனவு கூட இல்லை. அவ்வளவு நல்லாத் தூங்கினேன்க்கா. அவர் மேல சாகறப்போ நான் கீழே சுகமாத் தூங்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் என்னால எப்படிக் கண்ணை மூட முடியும்?”

அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் திமிறினான், எழுந்திருக்கப் பார்த்தான். “படுடா. அவர் கொடுத்த தூக்கம்டா அது. அரைகுறையா விட்டுட்டே. படு, நான் முழிச்சுக்கிட்டிருக்கேன்,” என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை துறை முழுவதும் கேட்டது. அந்த அழுகையிலேயே அவன் தூங்கிப்போனான்.

போட்டோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர், சட்டென்று நின்றார். பேட்டரி! எலக்ட்ரீஷியன் தூக்குவாளியை அவிழ்த்துக் கொண்டுவந்து அக்கா பக்கத்தில் வைத்துவிட்டு, இணைப்பை எடுக்காமலே இப்போதுதான் போயிருந்தார், சுக்கான் அறையில் ஒருத்தரும் இல்லை. மணி எந்த நிமிடமும் அலறும். அவர் ஏணியில் தாவி ஏறிய வேகத்தைப் பார்த்தால் அவர் வயதை யாரும் நம்ப மாட்டார்கள். எந்த ஒயர் எது என்று அவருக்குத் தெரியாது. தப்பான ஒயரை இழுத்து மணி அடித்துவிட்டால்? அந்தக் கண்ணுக்கு நேராக நின்று கையை இப்படியும் அப்படியும் ஆட்ட ஆரம்பித்தார்.

“எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கிட்டு வரேன்,” என்று கீழேயிருந்து மெதுவாகச் சொன்னார் சர்வேயரம்மா. “அதுவரைக்கும் நிறுத்திடாதீங்க.”

“நீங்க நிதானமா வாங்கம்மா,” என்றார் போட்டோக்காரர்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கை வலிக்க வலிக்க ஆட்டிக்கொண்டே, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். நீலத்துணி போட்ட தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்பியின் தலையை மடியில் ஏந்தி, அக்கா விழித்துக்கொண்டிருந்தாள்.